சுடலைவடிவு உடைத்த வளையல்

சுடலைவடிவு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவள் யாரையும் அடித்ததில்லை, யார் பொருளையும் தொட்டதில்லை. ஆனால் மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற வாய் அவளுக்கு. நடுவிளையில் அந்த வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. அவள் தம்பி பெண்டாட்டி ஆறுமுகத்தாயும் அப்படிப் பயந்தவர்களில் ஒருத்திதான்.

ஏரல் சந்தையிலிருந்து கடலைப் பார்த்து நடந்தால், தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற நெல்லும் வாழையும் ஓரிடத்தில் முடிந்துபோகும். அதற்கப்பால் செம்மணல். அந்த மணலில் பனையைத் தவிர வேறொன்றும் பெரிதாக வளர்வதில்லை. நடுவிளை அங்கேதான் இருந்தது. ஆண்கள் பனை ஏறிப் பதனீர் இறக்குவார்கள். பெண்கள் அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள். மாசி பங்குனியில் பாளை வந்தால் ஆவணி வரைக்கும் அடுப்பு அணையாது. அந்த ஆறேழு மாத உழைப்பில்தான் வருஷம் முழுவதும் சாப்பாடு.

ஆறுமுகத்தாய் மாரிக்கண்ணுவுக்கு வாக்கப்பட்டு வந்தபோதே அந்த வீட்டில் சுடலைவடிவு இருந்தாள். மாரிக்கண்ணுவுக்கு மூத்தவள். குரும்பூர்ப் பக்கம் ஒரு பனையேறிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மழை நனைத்த பனையில் கால் வழுக்கி அவன் விழுந்தான். முதுகு அடிபட்டவனைக் கையையும் காலையும் பிடித்துத் தொங்கலாகவே தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்கள். ஒரு பலகையில் கிடத்தி அசையாமல் கொண்டுவர வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவன் எழுந்திருக்கவில்லை. பார்க்க வந்த ஊர்க்காரர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்கள். அவனைப் புரட்டிப் படுக்க வைத்தது, துடைத்துவிட்டது, முதுகில் புண் வந்தபோது அதைக் கழுவியது எல்லாம் சுடலைவடிவுதான். அடுத்த பாளை வருகிற வரைக்கும் அவன் உயிரோடு இருந்ததே அவள் கையால்தான். இறந்த பிறகு ஒரு வெள்ளாட்டையும் ஓட்டிக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் தாய் இசக்கியே அவளை முகம் கொடுத்துப் பார்ப்பதில்லை. விடியற்காலையில் மாரிக்கண்ணு, மரம் ஏறக் காலில் மாட்டும் தளைநாரையும் அரிவாள்பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "ஏட்டி, எம்மவன் போறான். நீ உள்ள இரு" என்பாள். பனையேறி கிளம்பும்போது தாலியறுத்தவள் எதிரே வரக்கூடாது. சுடலைவடிவு உள்ளே போய் நின்றுகொண்டு, "போய்ட்டானா? இனி வெளிய வரலாமா? அடுப்பு மூட்டுதது யாரு, ஒன் மவனா?" என்று கேட்பாள்.

ஆறுமுகத்தாய் இந்தப் பேச்சில் தலையிடமாட்டாள். ஆனால் அவள் மனதிலும் அந்தப் பயம் இருந்தது. கணவன் மரத்தின் உச்சியில் இருக்கிற நேரமெல்லாம் அவள் வலது கை இடது கையின் வளையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இங்கிலாந்து ராஜாவுக்கு முடிசூட்டு என்று ஏரல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த வருஷம் அது. வைகாசி மாதம். பதனீர் காய்ச்சுகிற குடிசைக்கு விடிலி என்று பேர். அதற்குள் வெளி வெயிலும் அடுப்புச் சூடும் சேர்ந்து ஆளை வறுத்துக்கொண்டிருந்தன. பதனீர் கொதித்துச் சுண்டிப் பாகாகி, தாச்சி என்கிற பெரிய சட்டியில் கொப்பளித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பதம் பார்க்க ஒரு பானைத் தண்ணீர். அதில் ஒரு சொட்டுப் பாகு விட்டால் உருண்டு நிற்க வேண்டும். மரத்தில் கட்டும் கலயங்களுக்கு உட்புறம் பூச ஒரு சிரட்டையில் சுண்ணாம்பும் இருந்தது. அது இல்லாவிட்டால் பதனீர் புளித்துக் கள்ளாகிவிடும்.

சொட்டு உருண்டு நின்றது. மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் துணியைச் சுற்றித் தாச்சியை இறக்கினார்கள். இசக்கியின் பக்கத்துத் துணி நழுவியது. தாச்சி சரிந்தது. பாகு ஆறுமுகத்தாயின் வலது கைமேல், விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுக்கு மேல் வரை, மெழுகு பூசினாற்போல் வழிந்து அப்பிக்கொண்டது.

கொதிநீர் பட்டால் வழிந்து போய்விடும். பாகு போகாது. ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். ஆறுமுகத்தாய் போட்ட சத்தம் பனை உச்சிவரை கேட்டது.

"சுண்ணாம்ப எடு! சுண்ணாம்ப அப்பு!" என்று இசக்கி கத்தினாள். நடுவிளையில் தீப்புண்ணுக்கு அதுதான் வழக்கம். விடிலியில் எப்போதும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பது சுண்ணாம்பு. ஆகவே அதுவே மருந்தாகிவிட்டது. புண்ணை மேலும் அரித்துவிடும் என்று யாரும் யோசித்ததில்லை. இசக்கியே குனிந்து, பாகைச் சுரண்டி எடுக்க ஒரு சிரட்டைத் துண்டையும் கையில் எடுத்துவிட்டாள்.

வெளியே சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்த சுடலைவடிவு உள்ளே பாய்ந்து வந்தாள். சுண்ணாம்புச் சிரட்டையைக் காலால் எத்தினாள். ஆறுமுகத்தாயின் முழங்கையைப் பிடித்துப் பதம் பார்க்கிற பானைக்குள் கையை அமுக்கினாள்.

"ஏட்டி பாவி, தண்ணி பட்டா கொப்புளம் போட்டுருமே!"

"போடட்டும். துடுப்புல பாகு ஒட்டினா நீ என்ன செய்வ? சூட்டோட சொரண்டுவியா, தண்ணில போடுவியா?"

 பாகு தண்ணீரில் இறுகி, பிறகு மெல்லக் கரைய ஆரம்பித்தது. பானைத் தண்ணீர் சூடேறியதும் சுடலைவடிவு அதைக் கொட்டிவிட்டு, குடிதண்ணீர்க் குடத்தை எடுத்துப் பைய ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. ஆறுமுகத்தாய்க்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் சுடலைவடிவு அந்தக் காரியத்தைச் செய்தாள். வளையலுக்கும் தோலுக்கும் நடுவே நனைந்த துணியைச் செருகினாள். அரிவாளின் பிடியால் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. வலது கையில் கிடந்த சிவப்புக் கண்ணாடி வளையல்கள் எல்லாம் உடைந்து மணலில் விழுந்தன.



"முண்ட! எம்மவன் பனை உச்சியில இருக்கான்! நீ அவன் பொண்டாட்டி வளையல ஒடைக்க!" இசக்கி மார்பில் அடித்துக்கொண்டாள். "நீ அறுத்தது பத்தாதா? என் குடியையும் அறுக்கணுமா?"

கை இன்னும் சற்று நேரத்தில் வீங்கும், வீங்கினால் வளையல் சதைக்குள் இறங்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும் என்பதைச் சுடலைவடிவு அப்போதே சொல்லியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. ஆனால் கையில் வேலை இருக்கும்போது விளக்கம் சொல்வது அவளுக்கு வராது. உடைந்த துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றினாள். ஆறுமுகத்தாய் தன் வெறுங்கையைப் பார்த்தாள். எரிச்சலைவிட அந்தக் காட்சி அவளை அதிகமாகக் கலக்கியது. கை போனால் அடுப்படி வேலை போகும். பாகு கிண்டவும் சிரட்டையில் ஊற்றவும் வலது கை இல்லாத ஒருத்தியைப் பனைவிளையில் என்ன செய்வது? ஆனால் அவளுக்கு அந்த நேரம் தோன்றியது கையல்ல. மரத்திலிருந்து அவர் இறங்கிவிட்டாரா என்பதுதான்.

மாரிக்கண்ணு இறங்கி ஓடிவந்தான். அவசரத்தில் மார்புத் தோல் மரத்தில் உரசிக் கிழிந்திருந்தது. அந்த ரத்தத்தைப் பார்த்ததும் இசக்கிக்குப் போதுமானதாகிவிட்டது. "பாத்தியா? பாத்தியா?" என்று மகளைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"ஏலே மாரி, முத்துமாலை வண்டியக் கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போணும்" என்றாள் சுடலைவடிவு.

முத்துமாலை பக்கத்துக் குடிசைக்காரன். வண்டி வைத்திருந்தான். எந்த நேரத்திலும் ஒரு கேலி இல்லாமல் அவனுக்கு வாய் திறக்காது. "யக்கா ஏறுதாளா? அப்ப சாட்டை வேண்டாம் வே. மாடே பயந்து ஓடிரும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டைப் பூட்டினான். வழி முழுவதும் சுடலைவடிவு ஈரத்துணியை மாற்றிக்கொண்டே வந்தாள். ஆறுமுகத்தாயின் கையைத் தொங்கவிடாமல் தன் தோளில் தாங்கி உயர்த்திப் பிடித்திருந்தாள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் பியூலா என்ற நர்ஸ் இருந்தாள். கணவன் கிடந்த காலத்தில் மருந்து வாங்கப் போனதிலிருந்தே சுடலைவடிவுக்கு அவளைத் தெரியும். கையைப் பார்த்தவுடன் பியூலா கேட்டது, "சுண்ணாம்பு போட்டீங்களா?" என்பதுதான்.

"இல்ல."

"சாம்பல்? மை? முட்டை?"

"ஒண்ணும் போடல. தண்ணி ஊத்தினேன்."

பியூலா தலையை ஆட்டினாள். மணிக்கட்டைப் பார்த்தாள். அதற்குள் அது பணியாரம்போல் உப்பியிருந்தது. "வளையல யாரு கழத்தினது?"

சுடலைவடிவு ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். மாரிக்கண்ணுதான், "யக்காதான்" என்றான்.

"நல்ல காரியம்" என்றாள் பியூலா. அவ்வளவுதான். ஆனால் ஆறுமுகத்தாய்க்கு வலியில் அது சரியாகக் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் அன்று அவள் நம்பியிருக்கமாட்டாள்.

கையைக் கழுவிக் களிம்பிட்டு, ஒவ்வொரு விரலுக்கும் நடுவே தனித்தனியாகத் துணி வைத்துக் கட்டினார்கள். வீட்டில் செய்ய வேண்டியதைப் பியூலா சொன்னாள். கொப்புளத்தைக் குத்தக் கூடாது. கட்டும் துணியைக் கொதிக்க வைத்து உலர்த்தணும். தொடுகிறவர்கள் கையைச் சோப்பிட்டுக் கழுவணும். காய்ச்சலோ நாற்றமோ வந்தால் உடனே கொண்டு வரணும். நிறையத் தண்ணீர் குடிக்கணும். கடைசியாக ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "வெரல மடக்கவே விடாதீங்க. தோல் ஆறையில இழுக்கும். நோவுதுன்னு மடக்கி வச்சா அப்படியே ஒட்டிரும். தெனமும் நீட்டணும். அழுதாலும் நீட்டணும்."

வீட்டுக்கு வந்ததும் வளையல் பேச்சு மறுபடி எழுந்தது. மருமகள் வலது கையில் வளையல் ஏறுகிற வரைக்கும் மகன் பனை ஏறக்கூடாது என்று இசக்கி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பாளையைத் தினமும் சீவாவிட்டால் காய்ந்துபோகும். காய்ந்தால் அந்த வருஷம் அவ்வளவுதான். அதனால் அவளே பெரிய அளவு வளையல் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்தாள். வீங்கிய கையில் அதை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும். ஆறுமுகத்தாயும் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள். அவளுக்கும் அதுதான் வேண்டும்.

சுடலைவடிவு அந்த வளையலைப் பிடுங்கி, தம்பி பெண்டாட்டியின் இடது கையில் மாட்டினாள். "இது கை இல்லியா? அவன் கட்டினது வலது கையை மட்டுமா?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குட்டி!"

"கை அழுகினா வழக்கமா வந்து பாகு கிண்டும்?"

மாரிக்கண்ணு எழுந்து தளைநாரை எடுத்தான். "யம்மா, என் உசிரு இந்த நாருலயும் என் கால்லயும் இருக்கு. கண்ணாடியில இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னானே தவிர, அவன் குரலும் அவ்வளவு தைரியமாக இல்லை.

அன்று அவன் இறங்கி வருகிற வரைக்கும் ஆறுமுகத்தாய் பாயில் படுத்தபடி மரத்தில் தளை உரசுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றால் நெஞ்சு நிற்கும். மறுபடி கேட்டால் மூச்சு வரும். அவன் முழுசாக வந்து வாசலில் நின்றபோது அவள் அழுதுவிட்டாள். ஆனால் அன்றும் நாத்தனார்மேல் இருந்த கோபம் போகவில்லை.

கூரையில் தொங்கிய உறியிலிருந்து மோர்ப்பானையை இறக்கிவிட்டு, அதில் பழந்துணியை மெத்தையாக வைத்து, ஆறுமுகத்தாயின் கையை அதில் சாய்த்து வைத்தாள் சுடலைவடிவு. கை உயரத்திலேயே இருந்தால் வீக்கம் வடியும். பார்க்க வந்தவர்கள் எல்லோரையும் வாசலில் நிறுத்தினாள். "அழணும்னா அங்கன நின்னு அழு. உள்ள வரணும்னா கையக் கழுவிட்டு வா." பாதிப் பேர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஒரு நாள் முத்துமாலை நலம் விசாரிக்க வந்து நிற்கும்போதே, "ஏட்டி, காலைலேருந்து ஒண்ணுக்குப் போனியா? என்ன நெறம்? மஞ்சளா, வெள்ளையா?" என்று சத்தமாகக் கேட்டாள். ஆறுமுகத்தாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முத்துமாலை, "யக்கா, நான் அப்புறம் வாரேன்" என்று ஓடிவிட்டான். உடம்புக்குத் தண்ணீர் போதுமா என்று அறிய அதைவிட எளிய வழி இல்லை. அதை அவள் பியூலாவிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். அவளுக்கு வெட்கம் என்ற ஒன்று மட்டும் தெரியாது.

அவள் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல முடியாது. முதல் தடவை கட்டை அவிழ்த்தபோது துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. வேகமாக முடித்துவிட்டால் வலி குறைவு என்று நினைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள். புதுத்தோலும் சேர்ந்து வந்தது. ஆறுமுகத்தாய் மயங்கிப்போனாள். ஆஸ்பத்திரியில் பியூலா அதைப் பார்த்து, "நனைக்காமலா உரிச்சீங்க? கொதிச்சு ஆறின தண்ணிய ஊத்தி ஊற வச்சு, தானா விடுற வரைக்கும் பொறுக்கணும்" என்று கடிந்துகொண்டாள். வாய்க்கு வாய் பேசுகிற சுடலைவடிவு அன்று தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு கட்டு அவிழ்க்கிற வேலை அவளுக்குக் காலை நேரம் முழுவதையும் தின்றது. இவ்வளவும் முடித்துவிட்டுத்தான் விடிலிக்குப் போய், தன் பங்கோடு ஆறுமுகத்தாயின் பங்கையும் சேர்த்துக் காய்ச்சினாள்.

புண் ஆற ஆரம்பித்தபோதுதான் உண்மையான பாடு வந்தது. தோல் இறுகியது. விரல்கள் தாமாக உள்ளங்கையைப் பார்த்து வளைந்தன. மடக்கி வைத்தால் சுகம். நீட்டினால் உயிர் போகும். ஊர்ப்பெண்கள் இரக்கப்பட்டார்கள். "பாவம், அதை ஏன் போட்டுச் சித்திரவதை செய்யுதா? ஒரு துணியச் சுத்தி மடக்கிக் கட்டி வச்சா தானா ஆறிட்டுப் போவுது." இசக்கியும் அதையே சொன்னாள். மருமகள்மேல் அவளுக்குப் பிரியம் உண்டு. துணி நழுவியது தன் கையால் என்ற வேதனையும் இருந்தது.

சுடலைவடிவு யார் பேச்சையும் கேட்கவில்லை. தினமும் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு விரலாகப் பைய நீட்டினாள். ஒரு நாள் வலி பொறுக்காமல் ஆறுமுகத்தாய் கத்திவிட்டாள்.

"என்னத் தொடாத! தாலியறுத்தவ கை பட்டா எது வெளங்கும்? ஒம் புருசன நீ பாத்த மாதிரிதான என்னையும் பாக்க!"

வாசலில் நின்ற மாரிக்கண்ணு திடுக்கிட்டான். இசக்கிகூட, "ஏட்டி" என்று வாயைப் பொத்தினாள். சுடலைவடிவின் கை அப்படியே நின்றது. அவள் ஏதாவது திருப்பிச் சொல்லியிருந்தால் ஆறுமுகத்தாய்க்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சொல்லியாச்சில்லா?" என்றாள் அவள். "இப்ப அடுத்த வெரல நீட்டு."

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, புளியமர நிழலில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தவன். நல்ல உடற்கட்டு. ஆனால் அவன் வலது கை ஒரு மூடிய வாழைப்பூ மாதிரி இருந்தது. விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரே தோலாகிவிட்டிருந்தன. இடது கையால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ முடியாமல் தடுமாறினான். ஆறுமுகத்தாய் தன் இடது கையால் அதைத் தடவிக் கொடுத்தாள்.

"எப்படியாச்சு அண்ணாச்சி?"

"நெருப்பு பட்டுது தாயி. புண்ணு சின்னதுதான். எங்கம்மா ரொம்பப் பாசமாப் பாத்தா. நோவுதுன்னு நான் அழுதா அவளுக்கு மனசு கேக்காது. மடக்கித் துணியச் சுத்தி, தொட விடாம வச்சிருந்தா. ஆறிட்டு. ஆனா தொறக்கல." தன் கையை அவனே ஒருமுறை பார்த்துக்கொண்டான். "டாக்டர் அறுத்துப் பாக்கலாம்னு சொல்லுதாவ. பாப்போம்."

ஆறுமுகத்தாய் தன் கையைப் பார்த்தாள். சிவந்து, சுருங்கி, அழகில்லாமல் இருந்தது. ஆனால் விரல்கள் ஐந்தும் தனித்தனியாக இருந்தன. அவற்றுக்கு நடுவே அன்று காலையில் சுடலைவடிவு கொதிக்கவைத்துக் காயவைத்த வெள்ளைத் துணித் துண்டுகள் இருந்தன.

திரும்பி வரும் வண்டியில், ஏரல் தாண்டி வயல் முடிகிற இடத்தில் ஆறுமுகத்தாய் தன் இடது கையால் வலது கை விரல் ஒன்றைப் பிடித்துத் தானே நீட்டினாள். கண்ணில் நீர் வந்தது. விடாமல் நீட்டினாள். அடுத்ததை நீட்டினாள். சுடலைவடிவு அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

"மயினி."

"என்ன?"

"அன்னைக்கு நான் சொன்னது..."

"கட்டை வெரல விட்டுட்ட பாரு. அதையும் நீட்டு" என்றாள் சுடலைவடிவு.

முன்னால் இருந்த முத்துமாலைக்கு அன்று கேலி ஒன்றும் கிடைக்கவில்லை. மாட்டைத் தட்டிவிட்டான்.

அந்த வருஷப் பாளை முடிந்தது. மழை வந்து போனது. குளிர்காலம் முழுவதும் ஆறுமுகத்தாய் தினமும் விரலை நீட்டினாள், மடக்கினாள். ஈரத்துணியைப் பிழிந்தாள். பிறகு ஓலை கிழித்தாள். அதற்குள் ஊரிலும் ஒரு மாற்றம் வந்திருந்தது. முத்துமாலை வீட்டுக் குழந்தை கஞ்சிப்பானையைத் தட்டிவிட்டபோது, அவன் பெண்டாட்டி சுண்ணாம்பைத் தேடவில்லை. குழந்தையின் காலைத் தொட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு, "சுடலைவடிவு யக்காவக் கூட்டியாங்க" என்று கத்தினாள். தெற்குத் தெருவில் ஒருவன் பனையிலிருந்து விழுந்தபோது, அவனைத் தூக்கப் போனவர்களைச் சுடலைவடிவு தொடவிடவில்லை. கதவைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, அதில் அசையாமல் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அவன் இப்போது நடக்கிறான். வண்டி போன பிறகு அவள் அந்தப் பனையின் அடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

பங்குனியில் மறுபடி பாளை வந்தது. முதல் காய்ச்சலுக்கு முந்திய நாள் வளையல்காரி ஷரீபா பீவி நடுவிளைக்கு வந்தாள். ஒவ்வொரு பனைக் காலத் தொடக்கத்திலும் அவள் வருவாள். இசக்கிதான் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

வலது கையைப் பார்த்ததும் ஷரீபா பீவி தயங்கினாள். "யா அல்லா! இது ஏறுமா? கண்ணாடி வளையலுக்குக் கை குவியணும் மவளே. கட்டைவெரலு உள்ள மடங்கணும். முட்டி வெறைச்சு நின்னா வளையல்தான் ஒடையும்."

ஆறுமுகத்தாய் மணையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். மாரிக்கண்ணு வாசற்படியில் நின்றான். சுடலைவடிவு மட்டும் அடுப்படியில் ஏதோ வேலையாக இருந்தாள். வளையல் போடுகிற இடத்துக்கு அவள் வரமாட்டாள்.

ஷரீபா பீவி கையைப் பிடித்து எண்ணெய் தடவினாள். மெல்லக் குவித்தாள். நான்கு விரல்களும் சேர்ந்தன. கட்டை விரல் ஒரு கணம் முரண்டு பிடித்தது. பிறகு உள்ளங்கைக்குள் பதுங்கியது. சிவப்பு வளையல் முட்டியில் நின்று, நெருக்கி, தழும்பின் மேல் வழுக்கி மணிக்கட்டில் போய் விழுந்தது.

"மாஷா அல்லா!" என்றாள் வளையல்காரி. இசக்கி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

இன்னும் ஒரு வளையல் மிச்சம் இருந்தது. ஷரீபா பீவி அதை எடுத்தபோது, ஆறுமுகத்தாய் அதைத் தன் வலது கையாலேயே வாங்கிக்கொண்டாள். விரல்கள் அதை நன்றாகப் பிடித்திருந்தன. எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனாள்.

"மயினி, இத நீங்க போட்டு விடுங்க."

சுடலைவடிவு திரும்பிப் பார்த்தாள்.  தாயைப் பார்த்தாள். வாசற்படியில் நின்ற தம்பியைப் பார்த்தாள். நாளை அவன் பனை ஏற வேண்டும்.

எல்லோரும் இசக்கியைத்தான் பார்த்தார்கள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "என்னட்டி முழிக்க? ஒடைக்கத் தெரிஞ்சவளுக்குப் போடத் தெரியாதாக்கும்?"

சுடலைவடிவு கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இரு" என்றாள். "கையக் கழுவிட்டு வாரேன்."